பனியைத் திருத்துகிறவர்

மனிதர்களில் பனியைத் திருத்துகிறவர் என்று ஓர் இனம் உண்டு. வானம் தன் பாட்டுக்குக் கொட்டிய பனியை, அது தரையில் படிவதற்குள், "இது சரியான வெள்ளை இல்லையே" என்று சொல்கிறவர். கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில், கோதுமை அறுத்த வயலும் மின்கம்பமும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத எங்கள் பக்கத்து ஊர்களில், ஊருக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். இருவர் இருந்தால் ஊர் தாங்காது.

எங்கள் ஊருக்கு ஒரெஸ்ட் மெல்னிக்.

தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்ந்தவர். டிசம்பர் பிறந்து, துருவத்திலிருந்து வெள்ளை ஆந்தைகள் இறங்கி வந்து கம்பத்துக்கு ஒன்றாக உட்கார ஆரம்பித்துவிட்டால் வீட்டில் தரிக்க மாட்டார். ராத்திரி முழுக்க மின்சாரத்தில் செருகி என்ஜினைச் சூடாக வைத்திருந்த பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு, விடியுமுன் கிளம்பி, சரளைச் சாலையில் ஆமையாய் ஊர்ந்து, உயரத்தில் வெள்ளையாய் எது தெரிந்தாலும் ஜன்னலை இறக்கிப் படமெடுத்து, மீசையில் பனிக்குச்சி தொங்கத் திரும்பி வருவார். அதுவரை அவரும் நம்மைப் போல மனிதர்தான். கணினிக்கு முன் உட்கார்ந்த பிறகுதான் வியாதி.

கேமராவுக்குப் பனியென்றால் குழப்பம். நிழலில் எடுத்தால் நீலம் அடிக்கும், சாயங்காலம் எடுத்தால் ஆரஞ்சு. அந்தச் சாயத்தை நீக்கக் கணினித் திரையில் ஒரு பொத்தான் உண்டு. இந்தப் பக்கம் இழுத்தால் நீலம் கூடும், அந்தப் பக்கம் இழுத்தால் மஞ்சள் கூடும். மற்றவர்கள் நகத்தளவு நகர்த்துவார்கள். ஒரெஸ்ட் உழுவார்.

அதுவும் ஒரே திசையில். யார் எந்த ஆந்தையைக் காட்டினாலும் கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, உதட்டைப் பிதுக்கி, ஒரே வார்த்தை: "மஞ்சள் அடிக்குது."

ஆந்தையோடு நின்றதா? மார்ஜ் என்கிற ஊர்க்காரியின் மகள் கல்யாணத்தில் மணப்பெண் எதிரே வந்தபோது வாழ்த்துச் சொல்லவேண்டிய வாய், "கவுன் கொஞ்சம் மஞ்சள் அடிக்குதேம்மா" என்றது. சாப்பாட்டு மேஜையில் மனைவி வெர்னா கொழுக்கட்டைமேல் ஊற்றிய புளித்த பாலாடையையும் விடவில்லை.

"வெர்னா, இது மஞ்சள் அடிக்குது."

"தின்னு. உள்ள போனா எல்லாம் ஒரே கலர்தான்."

இப்படிப்பட்டவரிடம் ஊர் எதை ஒப்படைத்தது தெரியுமா? நாள்காட்டியை. ஊர் ஹாக்கி அரங்கத்தின் கூரைச் செலவுக்காக வருடாவருடம் அச்சிடுகிற நாள்காட்டி. எல்லார் வீட்டுச் சமையலறையிலும் தொங்கும். அதில் ஜனவரிப் பக்கம் ஆந்தைக்கு. எங்கள் ஊரில் மேயராகிவிடலாம், ஜனவரி ஆவதுதான் லேசல்ல. அதற்கு யார் எடுத்த படமானாலும் ஒரெஸ்ட் கைபட்டுத்தான் அச்சுக்குப் போகும். போய்த் திரும்பி வரும்போது பனி, நீலத்தில் முக்கி எடுத்த வேட்டி போல இருக்கும். பொன்னாக ஜொலிக்கவேண்டிய ஆந்தைக் கண், ஊறுகாய் ஜாடி வெள்ளரிக்காயாகியிருக்கும்.

கேட்டால் என்ன? ஒரு வருஷம் ஜனவரிக்குப் படம் கொடுத்த டாரில் ஒரு தரம் கேட்டார்.

"ஏம்ப்பா ஒரெஸ்ட், என் ஆந்தை நீலமா இருக்கே?"

"உன் வீட்டு பல்பு மஞ்சள். மாத்திப் பாரு."

டாரில் பல்பை மாற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் மாற்றினார். கொஞ்ச நாளில் ஊரே பல்பை மாற்றிவிட்டு, நாள்காட்டியைப் பார்த்து, அப்பாடா, வெள்ளை என்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பனி வரைய நீலக் குச்சியை எடுத்தன. எந்த டீச்சரும் தடுக்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தில்தான் வாளி வந்தது. வெர்னாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன ஒரெஸ்ட், வேலிக்கம்பத்தின் மேல் ஒரு பெரிய பெண் ஆந்தையைக் கண்டு, வண்டியை நிறுத்தி, "தலையைத் திருப்பு செல்லம், இந்தப் பக்கம், கொஞ்சம்" என்று வெகுநேரம் கெஞ்சினார். வெர்னா பிளாஸ்கிலிருந்த காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அது திரும்பாது ஒரெஸ்ட். அதுக்குக் கைப்பிடி இருக்கு."

யாரோ கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் வாளி. மறுவாரமே நகரத்துக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை, பழுத்த புரை, உள்ளே தேநீர் டிகாக்‌ஷன் நிறம். வலது கண்ணை இப்போது செய்வோம், இடதைக் கொஞ்சம் பொறுத்துச் செய்வோம் என்றார் டாக்டர்.

வலது கண் ஆயிற்று. கட்டைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த ஒரெஸ்ட், சமையலறைச் சுவரைப் பார்த்தார். அங்கே தொங்கியது ஜனவரி.

"இந்தப் படத்தை யாரு கெடுத்தது?"

"கீழ பாரு. உன் பேருதான் போட்டிருக்கு."

வலது கண்ணை மூடினார். பனி வெள்ளை. இடதை மூடினார். பனி நீலம். வலது, இடது, வலது, இடது.

"ஆந்தை மாதிரி முழிக்காத. எது நெசம்?"

"வலது."

"அப்ப இத்தனை வருஷமா?"

ஒரெஸ்ட் நன்றாக யோசித்தார். "அச்சடிக்கிறவன் மை சரியில்ல" என்றார்.

பார்த்தீர்களா? கண்ணைத்தான் டாக்டர் மாற்றினார், ஆளை அல்ல.

ஆனாலும் அந்த மனுஷனுக்கு ஒரு நல்ல சாயங்காலம் கிடைத்தது. பிப்ரவரிக் கடைசியில், புதுக் கண்ணோடு தனியாகப் போனவருக்கு, வைக்கோல் உருளையொன்றின் மேல் ஓர் ஆந்தை. வாளியல்ல, இறக்கையை விரித்து நிரூபித்தது. சூரியன் அடிவானத்தில் உட்காரப் போகிறது. பனியெல்லாம் இளஞ்சிவப்பு, ஆந்தையின் நெஞ்சில் தேன், கண் இரண்டும் பொன். இப்படியொரு நிறம் இத்தனை காலமும் இந்த வயலில்தான் கிடந்ததா என்று திகைத்துப்போய், ஒரே ஒரு படம் எடுத்தார். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டார். பொத்தானைத் தொடவே இல்லை. இதுதான் அடுத்த ஜனவரி. இது இல்லாவிட்டால் வேறெதுவும் வேண்டாம் என்று வெர்னாவிடம் சொன்னார்.

மார்ச்சில் நாள்காட்டிக் கமிட்டிக் கூட்டம். அரங்கத்துக் காபி அறையில் டாரில், மார்ஜ், வெர்னா, மற்ற ஆறேழு பேர். ஒரெஸ்ட் படத்தைத் திரையில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டாரில் கழுத்தைப் பின்னுக்கு இழுத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மஞ்சள் அடிக்குது."

"ஆமா, நல்லாவே அடிக்குது" என்றது பின்வரிசை.

"அது சாயங்கால வெயில்ப்பா. பனி அப்படித்தான் இருந்துச்சு. நான் என் கண்ணால பார்த்தேன்."

"என் பொண்ணு கல்யாணக் கவுன மஞ்சள்னு சொன்னவன் நீ" என்றாள் மார்ஜ், பின்னல் ஊசியை நிறுத்தாமல். "இத வெள்ளைங்கற."

"உன் வீட்டு பல்ப மாத்திப் பாரு ஒரெஸ்ட்" என்றார் டாரில், ரொம்ப அன்பாக.

இனி ஒரே வழி. 'கோளாறு என் கண்ணில். நான் உங்களுக்குக் கற்றுக் கொடுத்தது எல்லாம் தப்பு. நம் ஊர்ச் சுவரில் தொங்குவது அத்தனையும் நீலம்' என்று சொல்லிவிட்டால் போதும், அந்த ஆந்தைக்கு ஜனவரி. ஒரெஸ்ட் வாயைத் திறந்தார். வெர்னா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். சொன்னாரா என்கிறீர்களா? இவ்வளவு தூரம் கேட்டுவிட்டு இப்படிக் கேட்கலாமா?

"சும்மா ஒரு சோதனை வச்சேன்" என்றார் ஒரெஸ்ட். "எல்லாரும் கண்டுபிடிச்சிட்டீங்க. சந்தோஷம்."

அறை கைதட்டியது. பல வருட உழைப்பில் ஓர் ஊரையே வளர்த்துவிட்டவர் முகத்தில் பெருமையும் வயிற்றுவலியும் சேர்ந்தாற்போலத் தெரிந்தன. வீட்டுக்குப் போய், வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது கண் திருப்திப்படும்வரை பொத்தானை இழுத்தார். இளஞ்சிவப்பு போயிற்று, தேன் போயிற்று, கண் வெள்ளரிக்காயாயிற்று. அடுத்த கூட்டத்தில் அதை எழுந்து நின்று ஜனவரியாக்கினார்கள். மார்ஜ்கூட எழுந்தாள்.

திருத்தாத படத்தின் பிரதி ஒன்று பிக்கப் வண்டியின் வெயில் மறைப்புக்குப் பின்னால் செருகியிருக்கிறது. வயலோரம் நிறுத்திவிட்டு, மறைப்பை இறக்கி, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் எதையும் திருத்துவதில்லை.

இடது கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். இப்போதைக்கு இருக்கட்டும் என்றார்.

"அந்தப் பழுத்த கண்ணை வச்சுக்கிட்டு என்ன செய்யப்போற?" என்றாள் வெர்னா.

"அது கமிட்டிக்கு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கோ இந்தத் தாளை விளக்குப் பக்கம் சற்றே சாய்த்து, 'கதை பரவாயில்லை, தாள்தான் கொஞ்சம் மஞ்சளடிக்கிறது' என்று நினைத்தீர்கள் அல்லவா? தாள் நல்ல வெள்ளை. பல்பும் புதுசு. எதற்கும் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்.