ஆறு வந்தும் விடுப்பு வரவில்லை

அன்பும் அதைவிடப் பொறுமையும் நிறைந்த மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, உன்னிடம் இரவல் வாங்கிய ரப்பர் படகு, மூவரும் நலம். அங்கே எல்லோரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் உன் அக்கா போனில் சொல்லத்தான் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் படகுக்குக் காற்றடித்து, தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் மாட்டிக்கொண்டு ஒத்திகைக்காக உள்ளே உட்கார்ந்தவன், எழுந்திருக்க முடியாமல் சிக்கிக்கொண்டேன். இடப்பக்கம் சோபா, வலப்பக்கம் பீரோ, நடுவில் என் தொப்பை. கேஸ் சிலிண்டர் போட வந்தவர்தான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். "சிலிண்டரே தேவலை சார், பிடிக்க வளையம் இருக்கு" என்றார். உன் அக்கா விடுவாளா? "தரையிலேயே கரையேத்த ஆள் வேணும், இவரு வெள்ளத்துல போகப்போறாராம்!"

படகு எப்போது திரும்பி வரும் என்று கேட்டிருந்தாய். பயணம் முடிந்த மறுநாளே. பயணம் ஏன் இன்னும் தொடங்கவே இல்லை என்று கேட்பாய். நம் மலையாறு மழை பெய்தால் இரண்டு நாள் நுரைதள்ளிக்கொண்டு ஓடும். மூன்றாம் நாள் போனால் மொட்டைப் பாறையும் நாலு தவளையும்தான். எங்கள் அலுவலகத்திலோ விடுப்புக்கு ஏழு நாள் முன்னதாக எழுதித் தர வேண்டும். எனக்கும் கேஷியருக்கும் டெஸ்பாட்ச் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பமாக எழுதி, நானே மேலாளர் அறைக்குள் கொண்டுபோனேன். கல்லூரி நாளில் நான் துடுப்பால் கலக்காத ஆறே கிடையாது என்று அவர்கள் இருவரிடமும் ஒரு மதியச் சாப்பாட்டின்போது அளந்துவிட்டிருந்தேன், அந்த மரியாதையைக் காப்பாற்ற வேண்டாமா? மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தேதி எங்கய்யா?"

"மழை பெய்யற தேதி சார்."

"அப்ப ஆத்துக்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க!"

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு மூன்று தடவை மழை கொட்டிவிட்டது மச்சான். மூன்று தடவையும் பாலத்தருகே பஞ்சர் கடை வைத்திருப்பவர் அலுவலகத்துக்கே போன் பண்ணி, "வந்துருச்சு சார்! பாறையெல்லாம் முழுகிருச்சு, ஓடியாங்க!" என்று கத்துகிறார். கேஷியர் துடுப்பை மேசைக்கடியிலேயே வைத்திருக்கிறார். டெஸ்பாட்ச் அம்மா மாற்றுத்துணிப் பையோடுதான் வேலைக்கே வருகிறார். "இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கண்ணே. நீங்க கூட வர்றீங்கன்னுதான் வீட்டுல சரின்னாங்க" என்று அந்தம்மா கெஞ்சுகிறார். ஒவ்வொரு தடவையும் அறைக்குள் போனேன். ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பினேன். ஏழு நாள் விதி இப்படி மூன்று பேருடைய ஆசையில் மண்ணள்ளிப் போடும் என்று யார் கண்டது?

உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் எங்கள் ஆசிகள். பிள்ளைகள் கன்னத்தை என் சார்பில் ஒருமுறை கிள்ளிவை.

அன்புடன்,
அத்தான்

பி.கு.: எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும், அதனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஆற்றிடம் எழுதி வாங்கச் சொன்ன மேலாளர் அடுத்த நிமிடமே விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "மழை வர்ற அன்னிக்குத் தேதியை நீங்களே போட்டுக்குங்க" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். தாள் என் மேசை டிராயரில், ஸ்டேப்ளருக்கு அடியில் இருக்கிறது.