தாமதமாக வந்த எண்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் சக்கரத்தின் மேல் நிற்கும் வண்டி எத்தனையாவது பதிப்பு என்பதை, வண்டியைப் பார்க்காமல் அதன் வரிசை எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லும் ஞானம் அதற்கு வாய்க்க வெகுகாலம் ஆயிற்று. அந்த ஞானம் கடைசியில் வந்து இறங்கிய இடம், குடிநீர் அலுவலகத்தில் புகார் மனு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவரின் தலை. ஊரில் அவரை 'எண்ணார்' என்றார்கள்.

எண்ணாரின் சாஸ்திரம் ஒரே ஒரு காரைப் பற்றியது. மின்சாரத்தில் ஓடும், இருவர் மட்டும் உட்காரும், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பந்தயக் கார் அது. செய்த கம்பெனி மூடியாகிவிட்டது. மூடுவதற்குள் நான்கு பதிப்புகள்: ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை. வெளியே பார்த்தால் நான்கும் ஒரே அச்சு. முன் கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும் எண்ணின் கடைசி இலக்கங்களைப் பார்த்துத்தான் குலம் கோத்திரம் சொல்ல முடியும். எண்ணார் குனிவார், டார்ச் அடிப்பார், கண்ணை மூடுவார், சொல்வார். உரிமையாளர் சங்கத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சங்கத்தில் முதல் பதிப்புக்காரர்களுக்கு முன்வரிசை நாற்காலி. இரண்டரைக்காரர்கள் சுவரோரம் நின்றபடி டீ குடிப்பார்கள். முதல் பதிப்பில் கதவு லேசில் திறக்காது, மழை உள்ளே வரும், பாதி வழியில் மூச்சு நிற்கும். இவையெல்லாம் பிற்பாடு சரிசெய்யப்பட்டதால், பிற்பாடு வந்தவற்றுக்கு மரியாதை போயிற்று. குறையில்லாத வண்டி வைத்திருப்பவர் தலைகுனிந்து நடப்பது அந்தச் சங்கத்தின் உயர்ந்த பண்பாடு.

இவ்வளவு பெரிய அறிஞருக்கு ஒரு சின்னக் குறை. அந்தக் காரில் அவர் ஒருமுறைகூட ஏறி உட்கார்ந்ததில்லை. கூட்டத்துக்கு பஸ்ஸில் வருவார், பஸ்ஸில் போவார். கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்வார். வார் நன்றாகத்தான் இருக்கும். "வாங்க, ஒரு சுத்து போலாம்" என்று யாராவது சொல்வார்களா என்று பார்ப்பார். கீழ்ப்பதிப்பு என்று தீர்ப்பு வாங்கினவர்கள் கோபத்தில் போவார்கள். மேல்பதிப்பு வாங்கினவர்கள் பெருமையில் போவார்கள். எப்படியானாலும் பக்கத்து இருக்கை காலியாகவே போகும்.

அப்படியிருக்க, அவருடைய அக்கா வீட்டுக்காரர் ஒரு நீல நிறக் காரைப் பழசாக வாங்கினார். குளியலறைச் சாமான் கடை வைத்திருப்பவர்; குழாயைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். கார் விஷயத்தில், விற்றவன் 'முதல் பதிப்பு' என்று சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். மறுநாளே எண்ணாருக்கு போன்.

"மச்சான், ஞாயித்துக்கிழமை சங்கத்துல நீதான் பாத்துச் சொல்லணும். முதல் பதிப்புன்னு ஆயிடுச்சுன்னா அப்புறம் ஸ்டியரிங் உன் கையில. நான் பக்கத்துல சும்மா உக்காந்து வரேன்."

"எண் என்ன சொல்லுதோ அதைத்தான் அத்தான் நான் சொல்வேன்," என்றார் எண்ணார், புகார் ஜன்னலில் சொல்லும் அதே குரலில். பிறகு வீட்டுக்குப் போய், சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்து இடது பக்கம் திருப்பிப் பார்த்தார். வலது பக்கம் திருப்பிப் பார்த்தார். சாப்பிட மறந்துவிட்டார்.

ஞாயிறன்று சங்கம் காரைச் சுற்றி வட்டமாக நின்றது. எண்ணார் குனிந்தார், டார்ச் அடித்தார். இரண்டு. சந்தேகத்துக்கே இடமில்லாத, பச்சைக் குழந்தைக்கும் தெரியக்கூடிய இரண்டு.

செயலாளரான பல் டாக்டரும் எட்டிப் பார்த்துவிட்டு, எண்ணார் எழுதிய விதிப்படியே இது இரண்டு ஆயிற்றே என்றார்.

எண்ணார் கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் நீளமாக ஒரு சாலை போயிற்று. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகள் தெரிந்தன. அவருடைய கைகள்.

"எண் பொய் சொல்லாது," என்றார். சபை தலையாட்டியது. "ஆனா சில சமயம் தாமதமா வரும்."

தலையாட்டியவர்கள் அப்படியே நின்றார்கள். எண்ணார் விளக்கினார். இந்த வண்டி முதல் பதிப்பின் காலத்திலேயே பிறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எண் பொறிக்கிறவர் லீவு. திரும்பி வந்தவர், அப்போது நடப்பிலிருந்த எண்ணைப் பொறித்துவிட்டார். இந்த வகைக்கு 'உடல் ஒன்று, எண் இரண்டு' என்று பெயர். அந்தப் பெயர் அந்த நிமிஷம்தான் அவர் வாயில் பிறந்தது.

"கதவு வெண்ணெய் மாதிரி திறக்குதே?" என்றார் பல் டாக்டர்.

"முன்னாடி வச்சிருந்தவங்க திறந்து திறந்து கெடுத்துட்டாங்க."

பல் டாக்டர் யோசித்தார். பிறகு அவரைத் தனியாக அழைத்துப் போய், தன் இரண்டரைக்கும் எண் தாமதமாக வந்திருக்க வாய்ப்புண்டா என்று மெதுவாகக் கேட்டார். உண்டு. அவருக்குப் பின்னால் நின்றவருக்கும் உண்டு. பொறிக்கிறவர் எடுத்த லீவு பேசப் பேச நீண்டுகொண்டே போயிற்று. டீ வந்தபோது நின்று குடிக்க ஆளே இல்லை, நாற்காலி போதவில்லை. பழைய முன்வரிசைக்காரர்கள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டம் கலைந்தது. எண்ணார் அத்தானிடம் போய்ச் சாவிக்குக் கையை நீட்டினார்.

அத்தான் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இதை ஓட்டறதா மச்சான்? இனிமே நானே தொட மாட்டேன். முதல் பதிப்புல ஒரு கிலோமீட்டர் கூடினாலும் பாவம்னு சங்க மலர்ல எழுதினதே நீதானே."

எழுதியிருந்தார். அழகாகவே எழுதியிருந்தார்.

காரை ஏற்றிப் போக லாரி வந்தது. அத்தான் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டு, பள்ளம் பார்த்துப் போகும்படி சொல்லிக்கொண்டே போனார். எண்ணார் பஸ்ஸில் போனார், நின்றுகொண்டு.

சில மாதம் பொறுத்து, மனசு கேளாமல் அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் கடையில் இருந்தார். ஷெட்டில் கார், போர்வைக்கு மேல் போர்வையாகப் போர்த்திக் கிடந்தது. சார்ஜ் ஏற்றினால் பேட்டரி தேயுமென்று அத்தான் அதையும் நிறுத்தியிருந்தார். ஏற்றாமலே கிடந்ததில் பேட்டரி செத்துவிட்டது. இனி அதை இரண்டு என்று சந்தேகிக்க ஒருவராலும் முடியாது.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"வாங்கின அன்னைக்கு என்னை ஏத்திக்கிட்டுப் போனார்டா. பாலம் தாண்டி ரொம்ப தூரம். வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தார். குழாய், வாஷ்பேசின் ஒண்ணும் இல்லை. சும்மா பேச்சு. நான்கூட என்னமோ சிரிச்சேன்."

எண்ணார் போர்வையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அக்கா, அது ரெண்டுதான். அத்தான்கிட்ட உண்மையைச் சொல்லிடட்டா?"

"நான் சொல்லிப் பார்த்தாச்சு. 'உன் தம்பியே சொன்னப்புறம் உனக்கென்ன தெரியும்'னுட்டார்." மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்தாள். "நீ பெரிய ஆள்தான், நான் இல்லேங்கல. நின்னுபோன வண்டியை ஓட வைக்க ஊருல நாலு மெக்கானிக் இருக்கான். ஓடிக்கிட்டிருந்த வண்டியை, கைகூடப் படாம, நம்பரைப் படிச்சே நிறுத்தினவன் நீ ஒருத்தன்தான்."