மாமியாரை ம்யூட் செய்தது

காதில் ஹெட்போன் மாட்டியவனுக்குத் தனக்குக் கேட்பதுதான் உலகம். கேட்காததெல்லாம் நடக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. மயிரிழைப் பிசிறு இருந்தாலும் பீஸைத் திருப்பி அனுப்பிவிடுவேன். (வீட்டில் இந்தப் பெருமை செல்லாது.) மாமனார் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமத்தில் நிலக்கடலை போடுகிறவர். மாரியம்மன் மேல் அவரே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். பல வருடம் கெஞ்சிய பிறகு, அம்மன் ஊர்வலம் கிளம்பும்போது அதை மைக்செட்டில் போடத் திருவிழாக் கமிட்டி ஒருவழியாகச் சம்மதித்திருந்தது.

"இந்த ஒரு தடவ சொதப்புனா ஜென்மத்துக்கும் போட மாட்டாங்க மாப்ள. நல்ல ஸ்டுடியோவா பாருங்க" என்றார்.

"எங்கிட்டயே ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்குது மாமா, ஸ்டுடியோ எதுக்கு?" என்றேன். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற சின்னப் பெட்டி அது. புதிது. விளக்கப் புத்தகத்தின் உறையைக்கூட நான் பிரித்திருக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு மிக்சர் உண்டு. எந்த மைக் எவ்வளவு கேட்க வேண்டும் என்று திரையில் ஏற்றி இறக்கலாம். மாமனாரைப் படுக்கையறையில் பீரோ ஓரமாக ஒரு மைக்கோடு நிறுத்தி, ஹெட்போன் மாட்டிவிட்டு, கதவைச் சாத்தினேன். பின்பாட்டுக்கு மாமியார். ஹாலில் என் பக்கத்தில் இன்னொரு மைக்கோடு உட்கார்ந்தார். நானும் காதை அடைக்கிற ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டேன். கம்ப்யூட்டரிலிருந்து உடுக்கைச் சத்தத்தை ஓடவிட்டேன்.

மாமனார் முதலடியை எடுத்ததுமே மாமியார் ஆரம்பித்துவிட்டார். "சுருதி எங்கியோ போவுது பாரு."

"மாப்ள, அவள பேச வேணாம்னு சொல்லுங்க. காதுக்குள்ளயே வந்து பேசறா" என்று உள்ளேயிருந்து குரல்.

மாமியாரிடம் பேசாதீர்கள் என்று சொல்லும் தைரியம் எந்த மாப்பிள்ளைக்கு இருக்கிறது? மிக்சரில் அவருடைய மைக்கை ம்யூட் செய்தேன். பின்பாட்டே வேண்டாம், தனிக்குரல் போதும் என்று எனக்குள் முடிவெடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை. ஹெட்போனில் பரம நிம்மதி. மாமனார் குரலுக்குக் கொஞ்சம் எக்கோவும் ஏற்றினேன்.

"கருவறையில நின்னு பாடற மாதிரி இருக்குது மாப்ள" என்று நெகிழ்ந்துபோனார்.

பாட்டு ஓடியது. பக்கத்தில் மாமியாரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. நானும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும், "ஒருக்கா போட்டுக் கேக்கலாமா தம்பி?" என்றார் மாமியார்.

"அதான் நேர்லயே கேட்டமே அத்தை" என்றேன். ஊத்தங்கரை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். செக் பண்ணாமல் ஒரு பீஸை நான் டிஸ்பாட்ச் செய்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

(அந்த மிக்சரில் ஏற்றுவதும் இறக்குவதும் நம் காதுக்கு மட்டும்தான், கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேர் இரண்டு மைக்கையும் ஒன்றுவிடாமல் பதிந்துகொள்ளும். இது விளக்கப் புத்தகத்தில் தெளிவாகவே இருக்கிறது. திருவிழா முடிந்து படித்தேன்.)

திருவிழாவில் அம்மன் ஊர்வலம் கிளம்பியது. மைக்செட்டில் உடுக்கை ஒலித்தது. "வறண்ட காட்டுக்கு வந்தவளே" என்று மாமனார், எக்கோ எதுவும் இல்லாமல் மொட்டையாகப் பாடினார். உடனே அவரைவிடச் சத்தமாக மாமியார், "யோவ், இழுக்காத. மூச்சு வாங்குது பாரு."

வெளியாட்கள் முன்னால் மாமியார் அவரை "ஏங்க" என்பதற்குக் கீழே கூப்பிட்டதே கிடையாது. இப்போது அடிக்கு ஒரு திட்டு, ஊர் முழுக்க. "பாதிய முழுங்கிட்ட." "மோர் குடிக்காதன்னு சொன்னேன், கேட்டியா?" கரகம் எடுத்தவர் சிரிப்பு தாங்காமல் கரகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மாமனார் தலை குனிந்து நின்றார். இத்தனை வருடம் காத்திருந்த மனுஷனை ஊர் நடுவில் இப்படி நிறுத்திவிட்டேனே என்று மைக்செட்காரரிடம் ஓடினேன்.

போய்ச் சேர்வதற்குள் பாட்டு நின்றது. பதிவின்போது மாமனார் அந்த இடத்தில் அடியை மறந்திருந்தார். உடுக்கை மட்டும் ஓடியது. அப்புறம் மாமியார் குரல், தணிந்து: "பயப்படாத. நெனப்பு வரும். நல்லாத்தான்யா பாடற."

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கியது. மாமனார் தலையை நிமிர்த்தி ஒலிபெருக்கியைப் பார்த்தார். நான் ம்யூட் செய்திருந்ததால் பதிவு செய்த அன்றைக்கு அவர் காதில் இது விழவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லையாம். இப்போது ஊரோடு சேர்ந்துதான் கேட்டார்.

அடுத்த வருடம் மாமியார் குரலை எடுத்துவிட்டுச் சுத்தமாக ஒன்று கொண்டுபோனேன். கமிட்டி, "பழசயே போடுங்க" என்றது. மாமனார் என்னை முறைத்தார்.

"நல்லாத்தான்யா பாடற" என்ற அந்த ஒரு வரியை மட்டும் வெட்டித் தன் போனில் வைத்திருக்கிறார். வீட்டில் மாமியார் அவரைத் திட்ட ஆரம்பித்தால், பதிலுக்கு அதைப் போட்டுவிடுவார். நாங்களெல்லாம் சிரிப்போம்.

"தம்பி, இத அழிக்கவே முடியாதா?" என்று மாமியார் ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்பார்.

"முடியாதுங்க அத்தை" என்பேன். (முடியும்.)