கடைமடையின் ஒப்புதல்

ஒரே ஆற்றங்கரையில் மூன்று நாடுகள் அடுத்தடுத்து இருந்தன. மலையிலிருந்து ஆறு இறங்கும் இடம் தலைமடை நாடு. அதற்குக் கீழே இடைமடை நாடு. ஆறு ஓடிக் களைத்து ஒரு காயலில் போய்ப் படுத்துக்கொள்ளும் இடம் கடைமடை நாடு. மூன்றுக்கும் தனித்தனி அரசர், தனித்தனிக் கொடி, தனித்தனி நாட்டுப்பாடல். தண்ணீர் மட்டும் ஒன்று. கொடி மாறும் இடத்தில் நின்று யோசிக்கும் பழக்கம் அதற்கு இல்லை.

தலைமடையில் ஒரு பட்டறையில் புதிதாக ஒரு பூச்சைக் கண்டுபிடித்தார்கள். தோசைக்கல்லில் தடவினால் மாவு ஒட்டாது. குடையில் தடவினால் மழை ஒட்டாது. வேட்டியில் தடவினால் சேறு ஒட்டாது. அமைச்சர்கள் முதலில் மேல்துண்டை மட்டும் அதில் முக்கி எடுத்தார்கள். தங்கள் மேல் வந்த புகார்கள்கூட வழுக்கிக்கொண்டு போவதைக் கண்டபின் முழு உடுப்பையும் முக்கச் சொன்னார்கள். அதற்கு ஒட்டாப் பூச்சு என்று பெயர். அது வெயிலில் கெடாது, நெருப்பில் வேகாது, மண்ணில் மட்காது. "நமது புகழைப் போலவே இதற்கும் அழிவில்லை" என்று தலைமடை அரசர் விழா மேடையில் பேசினார். பட்டறையில் மிஞ்சியதை ஆற்றில் விட்டார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆறு கீழே போயிற்று.

அந்த வருடம் கடைமடையில் இசக்கிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பேச்சி என்று பெயரிட்டாள். பேச்சி வாய் ஓயாமல் பால் குடித்தாள். குடித்தது உடம்பில் ஒட்டவில்லை. மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு நாளுக்கு நாள் தொளதொளத்தது. இசக்கி உட்கார்ந்தால் குழந்தை சிணுங்கும், நின்றால் அழும், நடந்துகொண்டே இருந்தால் கொஞ்சம் கண்ணயரும். ஆகவே இசக்கி நடந்தாள். வீட்டுக்குள் நடந்தாள், தெருவில் நடந்தாள், சோறு தின்னும்போதும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஊர் வைத்தியச்சி செண்பகம் அவளுடைய பாலை வாங்கி இடைமடைக்கு அனுப்பிச் சோதித்துப் பார்த்தாள்.

"ஒம் பால்ல அந்தப் பூச்சுதான் கெடக்கு இசக்கி. ஆத்துல இருந்து மீனுக்கு, மீன்ல இருந்து ஒனக்கு, ஒங்கிட்ட இருந்து பிள்ளைக்கு."

"அப்ப ஆட்டுப்பால் குடுக்கட்டா?"

"ஆடு என்ன, வேற ஆத்துலயா தண்ணி குடிக்கு?"

"பெறவு என்னதான் செய்யச் சொல்லுத?"

"பட்டறைக்கு மேல, மலையில ஊத்து இருக்கு. அந்தத் தண்ணி சுத்தம். அங்கன போய்க் கொஞ்ச காலம் கெடந்தா ஒம் பாலு தெளியலாம். இல்லன்னா இங்கன பூச்சு வாரத நிறுத்தணும்."

இசக்கி அந்தச் சின்ன அறையிலேயே இரண்டு சுற்று நடந்தாள். "நான் இவளத் தூக்கிட்டு மேல போயிருவேன். ஒம் மவ பிள்ள எதக் குடிக்கும்?"

 செண்பகத்தின் மகளுக்கு அது எட்டாம் மாதம்.

ஆற்றைப் பற்றிய எல்லாவற்றையும் மும்மடைப் பேரவைதான் முடிவு செய்யும். பேரவை ஏற்கெனவே இந்த விஷயத்தைக் கவனித்து அளவுச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. ஒவ்வொரு நாடும் ஆள் கணக்குப்படி இவ்வளவு பூச்சுதான் செய்யலாம், அதற்கு மேல் கூடாது; அந்த அளவுக்குள் இருந்தால் யாரையும் ஒன்றும் செய்யாது. கடைமடைக்காரர்களுக்குப் பட்டறை இல்லாததால் அவர்கள் பங்கு அப்படியே மிஞ்சியது. ஒரு நாட்டின் உரிமை வீணாவதைப் பேரவையால் பொறுக்க முடியவில்லை. கடைமடையின் பங்கைத் தலைமடைக்கு மாற்றிக் கொடுத்தது. பட்டறையில் இரண்டாவது புகைபோக்கி எழும்பியது. கடைமடைத் தூதருக்கு ஒரு குடை கிடைத்தது.

"நம்ம தூதர் போவும்போது வெறுங்கையோட போறாரு. வரும்போது குடையோட வாராரு. பிள்ளையளுக்கு என்ன கொண்டாந்தாரு?" என்று இசக்கி ஊர்க்கூட்டத்தில் நடந்தபடியே கேட்டாள்.

ஊர்த்தலைவர் சுடலைக்கண்ணுக்கு அவள் குறுக்கும் நெடுக்கும் போவதே தலைசுற்றலாக இருந்தது. "இம்புட்டு வாய் இருக்குல்லா, நீயே போயேம்ட்டி" என்றார். அப்படித்தான் இசக்கி தூதரானாள்.

பேரவை மண்டபம் இடைமடையில் இருந்தது. அவைமுதல்வர் செவ்வேள் உயர்ந்த ஆசனத்தில் இருந்தார். எதிரே தலைமடையின் பெருந்தூதர் திருமேனிநாதர், பளபளக்கும் உடுப்பில், தன் மேல் உட்காரப் பார்த்த ஈ வழுக்கி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைமடைத் தூதர் அவையில் நடமாடுவது எதன் பொருட்டு?" என்றார் செவ்வேள்.

"உக்காந்தா பிள்ள அழும் அய்யா."

"அவை விதிகளில் நடப்பதற்கென்று தனி நேரம் ஒதுக்கப்படவில்லை. நடத்தலும் உரையாற்றலும் 'அவையில் இயங்குதல்' என்ற ஒரே தலைப்பில் அடங்கும். தாங்கள் இதுவரை நடந்த நேரம் தங்கள் உரை நேரத்தில் கழிக்கப்படுகிறது. இன்னும் ஒரு வாக்கியத்துக்கு இடமிருக்கிறது."

வழி நெடுக அடுக்கி வைத்திருந்ததெல்லாம் இசக்கிக்குக் கலைந்துபோயிற்று. வாயில் வந்ததைச் சொன்னாள்: "எங்களக் கேக்காம அத எங்க ஊருக்குள்ள விடாதீய."

 திருமேனிநாதர் மெல்ல எழுந்தார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது.

"இதைவிட நியாயமான கோரிக்கையை இந்த அவை கேட்டதில்லை. பெறும் நாட்டின் முன்ஒப்புதல் இன்றிப் பூச்சு எல்லை கடக்கலாகாது. தலைமடை இதை மனமார ஆதரிக்கிறது."

எல்லாரும் கை தட்டினார்கள். இசக்கிக்கு நம்ப முடியவில்லை. ஊருக்குத் திரும்பியபோது சுடலைக்கண்ணே எதிரே வந்து மாலை போட்டார். மாலை வாடும் முன்பே ஆறு நின்றுபோனது.

இசக்கி எல்லை மதகுக்கு ஓடினாள். மதகுகளெல்லாம் இறக்கப்பட்டிருந்தன. எல்லைக் கண்காணிப்பாளர் நல்லதம்பி நாற்காலி எடுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். அவர் மோர் கொடுக்கவும் மறக்கவில்லை.

"தண்ணிய ஏன் அடைச்சீய?"

"ஆத்துல பூச்சு இருக்கும்மா. நீங்க ஒப்புதல் குடுக்கல. விட்டா நான் சட்டத்த மீறினவனா ஆயிருவேன்."

"பூச்ச நிறுத்திட்டுத் தண்ணிய விடுங்கன்னுதான கேட்டோம்."

"ரெண்டும் கலந்து வருதே. நீங்க பிரிச்சுக் காட்டுங்க, இப்பவே மதகத் தூக்குறேன்." கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அவருக்கு அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

நாற்று கருகியது. கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது. காலிக்குடங்களோடு பெண்கள் இசக்கியின் வாசலில் வந்து நின்றார்கள். யாரும் திட்டவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். சுடலைக்கண்ணு மட்டும் பேசினார்.

"ஏட்டி, வெசத் தண்ணியாவது வந்துட்டிருந்துச்சு. பெரிய சட்டம் போட்டு அதையும் நிறுத்திட்டியே."

தான் கேட்ட வாக்கியத்தை இசக்கி எத்தனையோ விதமாக மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். எங்கே பிசகினோம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னும் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் சரியாகியிருக்குமோ, ஒரு வார்த்தை குறைத்திருந்தால் ஆகியிருக்குமோ என்று நடந்துகொண்டே நினைத்தாள். கடைசியில் ஒப்புதல் பத்திரத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். கடைமடை நாடு ஒட்டாப் பூச்சை முழுமனதோடு வரவேற்கிறது என்று அதில் எழுதியிருந்தது. ஒப்புதல் அளித்தவர் பின்னர் குறை கூறலாகாது என்றும் இருந்தது. ஆறு வந்தது. குழந்தைகள் குடித்தார்கள். பட்டறையில் மூன்றாவது புகைபோக்கி எழும்பியது.

அடுத்த பேரவைக்கு இசக்கி ஒரு இடுப்பில் பேச்சியையும் மறு இடுப்பில் ஒரு குடத்தையும் வைத்துக்கொண்டு போனாள்.

பேரவை தொடங்கும்போது முந்நீர்ச் சடங்கு நடக்கும். ஒவ்வொரு தூதரும் தன் நாட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து வெண்கல அண்டாவில் ஊற்ற வேண்டும். கலந்த தண்ணீரை எல்லாரும் குடித்து, ஒன்றாக இருப்போம் என்று உறுதி சொல்ல வேண்டும். தூதர்கள் குடம் சுமப்பது பதவிக்கு அழகில்லை என்று, பல காலமாக மூன்று குடத்தையும் தலைமடை ஊற்றிலேயே நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். இசக்கி குடத்தோடு வந்ததைப் பார்த்து, அவளுக்கு அந்த ஏற்பாடு தெரியாதென்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் எழுந்து தடுப்பதற்குள் அவள் தன் குடத்தை அண்டாவில் கவிழ்த்துவிட்டாள்.

செவ்வேளின் கையில் வெள்ளித் தம்ளர் பாதி வழியில் நின்றது.

"சடங்கைப் பாவனையாகச் செய்ய மரபில் இடமுண்டா?" என்று திருமேனிநாதர் கேட்டார்.

"இல்லை" என்றார் அவையின் சட்ட அறிஞர், தரையைப் பார்த்தபடி. "தொண்டையில் இறங்கும் ஓசை கேட்க வேண்டும் என்பது விதி."

"குடிங்கய்யா" என்றாள் இசக்கி. "எங்க வீட்டுல தெனமும் குடிக்கதுதான். அளவுக்குள்ள இருந்தா ஒண்ணும் செய்யாதுன்னு நீங்கதான சொன்னீய."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "எனக்கு இன்று விரதம்" என்றார். பக்கத்திலிருந்தவருக்கும் அன்று விரதம் என்பது நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் அவை முழுவதும் விரதத்தில் இருந்தது. ஆனால் சடங்கு முடியாமல் அவை தொடங்காது; அவை தொடங்காமல் யாருக்கும் அன்றைய விருந்தும் கிடையாது.

திருமேனிநாதர்தான் வழி கண்டார். "அழியாத நஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நாம் எப்படி ஒற்றுமை பேசுவது? ஒட்டாப் பூச்சை மும்மடையிலும் முற்றாகத் தடை செய்வோம். தடை செய்யப்பட்ட பொருள் அவைக்குள் இருக்க இயலாது. ஆகவே அண்டாவை வெளியேற்றுவோம்."

இத்தனை நாளாக முடியாது என்று சொல்லப்பட்ட தடை, சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்தது. இரண்டு காவலர்கள் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு அண்டாவைத் தூக்கிப் போய் வாசலுக்கு வெளியே, ஆற்றில், கொட்டினார்கள். பேச்சி அப்போது பார்த்துத் தூங்கிப்போயிருந்தாள். இசக்கி முதல்முறையாக மண்டபத்தில் உட்கார்ந்தாள். அவள் அழுததை யாரும் அவைக்குறிப்பில் சேர்க்கவில்லை.

பட்டறை அன்றே மூடப்பட்டது. மறுநாள், ஒரு சரக்கைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டி, 'பற்றாப் பூச்சு' என்ற பெயரில் திறக்கப்பட்டது. அதைப் பற்றிப் பேரவைக்கு இன்னும் புகார் வரவில்லை.

தடைச் சட்டம் கண்டிப்பானது. ஒட்டாப் பூச்சு யாரிடம் இருக்கிறதோ அவரே அதற்குப் பொறுப்பு. அவர் அதை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது, வேறொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. சோதனை அதிகாரிகள் மூன்று நாடுகளிலும் தேடினார்கள். தலைமடையில் ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை. அமைச்சர்கள் அதற்குள் பற்றாப் பூச்சு உடுப்புக்கு மாறியிருந்தார்கள்; மிஞ்சியதை ஆறு எப்போதோ கழுவிக் கொண்டுபோயிருந்தது. இடைமடையில் கொஞ்சம் குடைகள் அகப்பட்டன. கடைமடைக்கு வந்தபோது அவர்கள் திகைத்துப்போனார்கள். காயலில் இருந்தது, மீனில் இருந்தது, ஆட்டில் இருந்தது, பெண்களிடம் இருந்தது. தடை செய்யப்பட்ட நஞ்சை இவ்வளவு பெரிய அளவில் பதுக்கி வைத்த நாடு உலகில் வேறில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். பேரவை வருத்தத்துடன் அவையில் கடைமடைக்கு இருந்த இடத்தை நிறுத்திவைத்தது. தலைமடை அரசர், சுத்தமான நாட்டுக்கான விருதைப் பணிவோடு ஏற்றுக்கொண்டார்.

இப்போது பேச்சி முன்போல உரத்து அழுவதில்லை. அழத் தொடங்கி, பாதியில் விட்டுவிடுவாள். அந்தப் பாதிதான் இசக்கியை அரித்தது.

"இனி ஊரப் பத்தி யோசிக்காத" என்றாள் செண்பகம். அவள் மடியில் மகள் பெற்ற பேரன் இருந்தான்; அவனுக்கும் கை மெலியத் தொடங்கியிருந்தது. "நீங்க ரெண்டு பேராவது மேல போயிருங்க."

இசக்கி அன்றே கிளம்பினாள். ஆற்றங்கரையோடு நடந்து எல்லைக்கு வந்தாள். நல்லதம்பி அவளை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். வணக்கம் சொன்னார். பிறகு ஒரு சோதனைக் குச்சியை நீட்டி, ஒரு சொட்டுப் பால் கேட்டார். பால் பட்டதும் குச்சி நீலமானது.

"மன்னிக்கணும்மா. நீங்க போக முடியாது. ஒங்க உடம்புல தடைப் பொருள் இருக்கு. சட்டப்படி நீங்க ஒரு கிடங்கு."

"நான் மனுசிய்யா."

"மனுசின்னா போலாம். கிடங்கு எல்லை தாண்டக் கூடாது."

"பிள்ளையயாவது விடுங்க. யாரையாவது வச்சு மேல கொண்டு சேத்துருதேன்."

நல்லதம்பி பேச்சியின் உதட்டில் குச்சியைத் தொட்டுப் பார்த்தார். "பிள்ள சின்னக் கிடங்கு" என்றார் வருத்தமாக.

அந்தத் தொடுதலில் பேச்சி விழித்துக்கொண்டாள். பசித்துச் சிணுங்கினாள். இசக்கி தடுப்புக் கம்பத்தின் அடியில் உட்கார்ந்து சேலையை விலக்கினாள்.

"நிறுத்துங்கம்மா. அது கைமாத்துற குத்தம். ஒருத்தர்கிட்ட இருக்கிற தடைப் பொருள இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது."

"அப்ப பிள்ள சாவட்டுமா?"

நல்லதம்பிக்கும் வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். அவர் உள்ளே போய்ச் சட்டத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் நிம்மதியோடு வெளியே வந்தார்.

"ஒரு வழி இருக்கும்மா. வாங்குறவங்க, தனக்கு வர்ற ஆபத்த முழுசாத் தெரிஞ்சுக்கிட்டு, முன்னாடியே ஒப்புதல் குடுத்தா, குடுக்கலாம்."



நல்லதம்பி மண்ணில் முழங்கால் போட்டார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, குழந்தையின் முகத்துக்கு நேரே குனிந்து, சட்டம் சொன்னபடி ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். "தங்களுக்கு வழங்கப்படவிருக்கும் பொருள் அழியாத் தன்மை கொண்டது. இது தங்கள் எலும்பிலும் குருதியிலும் தங்கும். தங்களுக்குப் பிறக்கும் மக்களுக்கும் தங்கள் வழியே சென்று சேரும். இவற்றை அறிந்து, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, தாங்கள் இதனை ஏற்கிறீர்களா?"

பேச்சி அவர் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்து, இந்தப் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தாள்.

நல்லதம்பி ஒப்புதல் பெறப்பட்டதாகக் குறித்துக்கொண்டு, மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.