எனக்கு வருதே

உலகத்தில் எந்தக் குழாய் அடைத்துக்கொண்டாலும், எந்த விளக்கு அணைந்தாலும், தன்னுடையது ஒழுங்காக இருக்கும்வரை அப்படியொரு கோளாறே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடும் ஓர் இனம் இருக்கிறது. ‘எனக்கு வருதே’ இனம். அலுவலகத்துக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. பெரிய அலுவலகமென்றால் மாடிக்கு ஒருவர். நீங்கள் ‘வரலை’ என்றதும், உங்கள் திரையை எட்டிக்கூடப் பார்க்காமல், தன்னுடையதைத் தட்டிப் பார்த்து முகம் மலர்வார். உங்கள் வழக்கு தள்ளுபடி.

எங்கள் அலுவலகத்தில் அவர் சர்வர் நிர்வாகி. கெட்டிக்காரர்தான். வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று மனைவி போனில் சொன்னபோது, அலுவலகத் தொட்டியில் கை கழுவிக்கொண்டே, “இங்க வருதே” என்றவர்.

ஒரு கால்நடை மருத்துவமனையின் முன்பதிவு இணையதளத்தை நாங்கள் புதிய பெயரில் திறந்த அன்று காலை, அங்கிருந்து டாக்டரம்மா அவருக்குப் போன் செய்தார்.

“சார், சைட் யாருக்கும் வரலை. புக் பண்ண முடியாம எல்லாரும் நேர்லயே வந்துட்டாங்க.”

“எனக்கு வருதே மேடம்.”

“இங்க ஒரே பெஞ்சுல மூணு நாய், நாலு பூனை, ஒரு கிளி. நிலைமை சரியில்லை சார்.”

“ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.”

“எதை? நாயையா?”

அவர் அசரவில்லை. தன் திரையைப் படம்பிடித்து, சிவப்பு அம்புக்குறி போட்டு அனுப்பிவைத்தார். பசி என்று வந்தவரிடம், தான் சாப்பிட்ட தட்டைக் காட்டினால் பசி ஆறாதா என்ன?

பக்கத்து இருக்கையில் புரோகிராம் எழுதும் பெண் மெல்லச் சொன்னாள். “அண்ணே, எனக்கும் வரலை.”

“உன் மெஷின் பழசும்மா. இங்க வந்து பாரு.”

வந்தாள். அவர் கணினியிலேயே, தளத்தின் முகவரியை விசாரிக்கும் ‘டிக்’ என்ற கட்டளையைக் கொடுத்தாள். அப்படியொரு பெயரே கிடையாது என்று பதில் வந்தது.

“பிங் பண்ணும்மா, வரும்.”

தளத்தைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் அந்தக் கட்டளையையும் கொடுத்தாள். வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யூனிக்ஸ் வகைக் கணினிகளின் சுபாவம் இது. ஒரு பெயரைச் சொன்னால், பொதுவாக முதலில் தன்னிடமே இருக்கும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சின்னக் கோப்பைப் புரட்டும். பெயரும் முகவரியும் அங்கே இருந்துவிட்டால் வெளியே ஒருவரையும் கேட்காது. இல்லாவிட்டால்தான், ஊருக்கெல்லாம் முகவரி சொல்லும் பெயர் சர்வரிடம் போகும். பிங் இந்த வழியில் போகும் சாது. டிக் நேரே பெயர் சர்வரிடம் போய் நிற்கும்.

கோப்பைத் திறந்தாள். சோதித்துப் பார்க்க அவரே எழுதிய ஒரு வரி அங்கே இருந்தது. பெயர் சர்வரில் எழுத மறந்திருந்தார். ஆக, திறந்த தளம் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் திறந்திருந்தது. அவரிடம் நாயும் இல்லை, பூனையும் இல்லை.

அந்த வரியின் முன்னால் ஒரு குறியைப் போட்டு அதைச் செல்லாததாக்கினாள். “இப்பப் பாருங்கண்ணே.”

பார்த்தார். தன் வீட்டுப் பூட்டில் தன் சாவி நுழையாதவர் போல நின்றார். காது மடல் சிவந்தது.

“வரலையேம்மா.”

உடனே பெயர் சர்வரில் எழுதினார், அதையும் சொல்ல வேண்டும். தானே போனும் செய்தார். “மேடம், தப்பு எங்க பக்கம்தான். இப்பப் பாருங்க.”

“இன்னும் வரலையே சார்.”

முன்பே கேட்டு ‘இல்லை’ என்று பதில் வாங்கியவர்களுக்குக் கொஞ்ச நேரம் அதே பதில்தான் கிடைக்கும். ஆனால் எங்கள் அலுவலகக் கணினிகள் அந்தப் பெயர் சர்வரையே நேராகக் கேட்பதால் இவருக்கு அதற்குள் வந்துவிட்டது. வாயைத் திறந்தார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். வார்த்தையை விழுங்கினார்; கஷ்டப்பட்டுத்தான் விழுங்கினார்.

“கொஞ்சம் பொறுங்க மேடம். உங்களுக்கு வர்ற வரைக்கும் லைன்லயே இருக்கேன்.”

இருந்தார். நாய்கள் குரைப்பதையும் கிளி திட்டுவதையும் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வந்தது.

சிரிக்கிறீர்கள், நல்லது. நாளை கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, “உங்க பாத்ரூம் தண்ணி எங்க தலையில சொட்டுது” என்பார். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்ப்பீர்கள்.