படுத்தபடியே வீட்டை நடத்திய விசிலு

இதை நான் எழுதியே தீரவேண்டிய நிலை வந்துவிட்டது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடை பயில்வோரிடையே, எங்கள் தெரு விசிலு இடுப்பு முறிந்து ஆறு திங்கள் படுக்கையில் கிடந்தார் என்றொரு செய்தி உலவுகிறது. மாங்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டு உருளப் போனவர், பாதி வழியில் உருள முடியாமல் நின்றுவிட்டார் என்பது மற்றொரு செய்தி. இரண்டும் மெய்யல்ல. நடந்தது ஒரு வாரத்திற்குள் முடிந்த நிகழ்ச்சி. எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் தொடக்கம் முதல் உடனிருந்து கண்டவன் நான். கண்டவன் எழுதாமல் விட்டால் காணாதவர்கள் எழுதிவிடுவார்கள்.

நிமிர்ந்து நின்று ஆணையிடும் மனிதர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். கல்லூரியில் பணியாற்றியவனுக்கு அதில் பஞ்சமில்லை. ஆனால் மல்லாந்து கிடந்தபடி, கழுத்தைக்கூடத் திருப்ப இயலாமல், இரண்டு குழந்தைகளையும் ஓய்வுபெற்ற ஒரு தமிழ்ப் பேராசிரியனையும் அவன் மனைவியையும் பால்காரரையும் ஒருசேர ஆண்டவர், ஆவடி தொடங்கிப் பூந்தமல்லி வரையிலான நிலப்பரப்பில் இவர் ஒருவரே. இதில் மிகை ஏதுமில்லை. இருந்தால் மிகவும் குறைவு.

அவருக்கு வீட்டில் இட்ட பெயர் ஒன்று உண்டு. அப்பெயரால் அழைத்தால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. திருமழிசைத் தொழிற்பேட்டையில் இரும்புத் தூண்களையும் எந்திரங்களையும் பாரந்தூக்கி கொண்டு ஏற்றி இறக்கும் கிடங்கு ஒன்றில், கிரேன் ஓட்டுநருக்குக் கீழே நின்று கைகாட்டுவது அவர் தொழில். கழுத்தில் விசில், கையில் சைகை. மேலே ஏற்று, மெல்ல இறக்கு, இடப்பக்கம் திருப்பு, நிறுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கையசைவு. பாரம் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்வரை வாய் திறக்கமாட்டார். சிக்கல் என்னவென்றால், தொழிலுக்கும் வாழ்க்கைக்கும் இடையில் அவர் வேலி ஏதும் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் தெருவில் தண்ணீர் லாரி பின்னோக்கி வரும்போது அவர் மாடியிலிருந்து கைகாட்டுவார். என் நூலடுக்கு மாடிப்படி ஏறியபோது, சுமந்தவர்கள் மூவர், கைகாட்டியவர் அவர். சுவரில் ஒரு கீறல் விழவில்லை. அவர் மனைவி செல்வி கொதிக்கும் சாம்பார்ச் சட்டியைத் துணி பிடித்து இறக்கும்போது இவரிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது. பாரம் காற்றில் இருக்கிறது என்பது காரணம். இவர்கள் திருமணத்தில், ஒரு கையில் தாலியை வைத்துக்கொண்டு மறுகையால் கெட்டிமேளத்திற்குச் சைகை காட்டியவர் மாப்பிள்ளையேதான் என்று செல்வி சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

இத்தகையவரை வீழ்த்தியது ஒரு பிஸ்கட்.

செல்வி அம்பத்தூரில் ஓர் ஆடை ஆலையில் தையற்பொறி இயக்குபவர். மேற்பார்வையாளர் பதவிக்கான பயிற்சிக்காக ஆலை அவரைத் திருப்பூருக்கு அனுப்பியிருந்தது. பயிற்சியின் முடிவில் ஒரு தேர்வு. விசிலு விடுப்பெடுத்துக்கொண்டு நான்கு வயது மலரையும், நடக்கக் கற்றதும் ஓடத் தொடங்கிவிட்ட சின்னவனையும் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை, சின்னவன் கீழே போட்ட பிஸ்கட்டை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தவர்தாம்.

விசில் ஓசை கேட்டது. வழக்கமான குறுவோசை அல்ல. மூச்சுள்ள மட்டும் நீண்ட ஓசை. ஓடினேன். கூடத்தின் நடுவில் அவர் நான்கு கால்களில் மேசைபோல் நின்றிருந்தார். முதுகின்மேல் சின்னவன் ஏறி அமர்ந்து, தந்தையின் காதுகளைப் பிடித்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"சார், முதல்ல மேல கீறவன எறக்குங்க. அப்பால என்னப் பாக்கலாம்."

இறக்கினேன். "வலி எங்கே?" என்றேன்.

"எங்க இல்லன்னு கேளுங்க சார். அது சொல்றதுக்கு ஈஸி."

"தண்டுவட வட்டு விலகியிருக்குமோ என்று ஐயுறுகிறேன்."

"அத தமிழ்ல சொல்லாதீங்க சார். நீங்க சொல்றப்போ இன்னும் பெருசா கீது."

அவரைக் கிடத்த வேண்டும். நான் கை கொடுக்க முனைந்தேன். அவர் ஒரு கையை மட்டும் தரையிலிருந்து எடுத்து, விரல்களை மெல்லக் கீழ்நோக்கி அசைத்தார். வாய் மூடிக்கொண்டது. பல் கடிக்கும் ஓசை மட்டும் கேட்டது. பாரமும் அவரே, கைகாட்டுபவரும் அவரே. நான் வெறும் எந்திரம். சற்று வேகமாக இறக்கினால் விரல்கள் மடங்கி முட்டியாகும், நிற்பேன். மீண்டும் விரல்கள் அசையும், இறக்குவேன். இவ்வாறாக ஒரு முழு மனிதரைத் தரையில் சேர்த்தோம்.

தெருமுனை மருத்துவர் இளைஞர். மாடியேறி வந்து பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார், விரலை அசைக்கச் சொன்னார்.

"தசை இறுகிப் பிடிச்சிருக்கு. கால் மரத்துப்போனாலோ, யூரின் போறதுல சிக்கல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. இல்லன்னா வலி குறையக் குறைய மெதுவா எழுந்து நடங்க. வெயிட் மட்டும் தூக்கவே கூடாது."

"பதினோரு கிலோ தூக்கலாமா சார்?"

"எது பதினோரு கிலோ?"

விசிலு கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பினார். அங்கே சின்னவன் மருத்துவரின் செருப்பொன்றை வாயில் வைத்திருந்தான்.

"அதத் தூக்கக் கூடாது" என்றார் மருத்துவர். "ஆனா அது வாயில இருக்கறத யாராவது தூக்குங்க."

மருத்துவர் போனதும், செல்விக்குச் செய்தி சொல்லிவிடுவோம் என்று கைப்பேசியை எடுத்தேன். விசிலுவின் கை என் கணுக்காலைப் பற்றியது.

"வாணாம் சார். போன தபா இதே டிரெய்னிங் வந்துச்சு. இவன் வயித்துல இருந்தான், வுட்டுட்டா. இப்போ சொன்னா அடுத்த பஸ்ஸ புடிச்சி வந்துடுவா. இந்த தபாவும் போச்சின்னா ஒரு வார்த்த சொல்லமாட்டா சார் அவ. ரெண்டு சொல்லு திட்னாக்கூட பரவால்ல. சொல்லமாட்டா. அதான் சார் பேஜாரு."

"உங்கள் மாமியாரையாவது வரச் சொல்லலாமே."

"அதுக்கு திருப்பூர்லயே மைக் கட்டி சொல்லிடலாம்."

ஆக, செல்வி தேர்வெழுதி முடிக்கும்வரை தாம் நிமிர்ந்து நிற்பதாகவே அவருக்குத் தோன்றவேண்டும் என்பது முடிவாயிற்று. அதன்பின் நான் கண்டவை எளிதில் நம்பத்தக்கவை அல்ல.

வீடு முழுவதையும் அவர் தரைக்கு இறக்கினார். தண்ணீர்ப் புட்டி, பால்மாவு, துண்டு, மாற்றுத்துணி, மருந்து, பிஸ்கட் டப்பா என எல்லாம் அவர் கைக்கெட்டும் தொலைவில் வட்டமாக அமைந்தன. எதை எங்கே வைப்பது என்று அவர் விரல் காட்ட, நான் வைத்தேன். வாயிற்கதவின் தாழ்ப்பாளில் ஒரு கயிறு, இழுத்தால் பால்காரருக்குத் திறக்கும். அறையிலிருந்த தூளி கூடத்து உத்தரத்திற்கு மாறியது. அதிலிருந்து ஒரு கயிறு இறங்கி அவர் கால் பெருவிரலில் முடிந்தது. முதுகு மரக்கட்டையாய்க் கிடக்க, அந்த ஒரு விரல் மட்டும் அசைந்து குழந்தையைத் தூங்கவைக்கும். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் அவர் முகம் சுருங்கி விரிவதைக் கண்டேன். விரல் நிற்கவில்லை.

மலர் விசிலுக்குப் பழகியவள். ஒரு குறுவோசைக்கு வருவாள். கைகாட்டிய பொருளைக் கொண்டுவருவாள். சின்னவன் எந்தச் சைகைக்கும் கட்டுப்படாதவன். அவனை அழைக்க வேண்டுமானால், எடுக்கக் கூடாத பொருள் ஒன்றைத் தம் மார்பின்மேல் வைத்துக்கொள்வார்; அவனே பாய்ந்து வருவான். வந்தவனை மார்பிலேயே கிடத்தித் துணி மாற்றுவார். அகன்ற தொட்டியை அருகே இழுத்துப் படுத்தபடியே குளிப்பாட்டுவார். தண்ணீரில் பாதி பிள்ளைக்கு, மீதி தந்தைக்கு.

படிக்கட்டில் பிள்ளையைத் தூக்கி இறங்கும் பணி எனக்கு. "சார், லோடு ஆடக் கூடாது" என்று உள்ளிருந்து குரல் வரும். லோடு என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே எறியும். பருப்புச்சோறு கொண்டுவந்த என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, "இந்தா பாருங்க, நீங்களும் படுத்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் சேத்து என்னால விசில் ஊத முடியாது" என்றாள்.

இனி, செல்வியின் அழைப்பு. நாள்தோறும் மாலையில் முகம் பார்த்துப் பேசுவது அவர்கள் வழக்கம். படுத்திருப்பவர் எப்படி நிற்பது? நாள் கிழிக்கும் நாட்காட்டியைச் சுவரிலிருந்து எடுத்துத் தம் தலைக்கருகே தரையில் வைக்கச் சொன்னார். சுவரின் நிறத்திலேயே ஒரு போர்வையை அடியில் விரிக்கச் சொன்னார். கைப்பேசியை முகத்திற்கு நேர் மேலே பிடித்தார். எட்டிப் பார்த்தேன். நாட்காட்டி தொங்கும் சுவரின் முன்னே ஒரு மனிதர் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தார். மலரும் அருகில் படுத்துக்கொண்டு நின்றாள். சின்னவனை அறையில் பிடித்துவைத்துக்கொள்வது என் பொறுப்பு.

"என்னங்க, மூஞ்சி உப்பின மாதிரி இருக்கு?"

"வெயிலு."

"ஏன் நின்னுக்கிட்டே பேசுறீங்க? உக்காருங்களேன்."

"உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்குது" என்றார் அவர். பொய்யின் நடுவே மெய்யை இவ்வளவு அழகாகப் பதித்தவரை நான் கண்டதில்லை.

மறுநாளும் அது செல்லுபடியாயிற்று. அதற்கடுத்த நாள், அதாவது தேர்வுக்கு முந்தைய மாலை, என் பிடி நழுவியது. கையில் பாதி வாழைப்பழத்துடன் சின்னவன் கூடத்திற்கு ஓடினான். திருப்பூரிலிருந்து பார்த்த செல்வியின் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சுவரின் ஓரத்திலிருந்து ஒரு குழந்தை கிடைமட்டமாக நடந்து வந்து, நாட்காட்டியின்மேல் அமர்ந்து, பழம் தின்றது.



"ஏங்க."

"ம்."

"புள்ள சுவத்துல நடக்குறான்."

"இப்போ நல்லா நடக்கறான் இல்ல?" என்றார் விசிலு.

அதற்குமேல் மறைக்க இயலவில்லை. செல்வி என்னை அழைத்துக் கைப்பேசியைச் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன். கயிறு, தூளி, தொட்டி, வட்டமாக அடுக்கிய பொருள்கள், நடுவே கிடக்கும் கணவர். நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாத்தையும் கீழ எறக்கிட்டீங்களா" என்றார். பிறகு, "நான் கிளம்புறேன்."

"நாளைக்கு பரீச்ச."

"பரீச்ச கிடக்கட்டும். பை எடுத்துட்டேன்." சொல்லும்போதே அழத் தொடங்கிவிட்டார்.

அப்போது மலர் எழுந்து, திரையின் முன் நின்று, வலக்கையை நேரே நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இருபுறமும் வீசினாள். "அம்மா, ஸ்டாப்."

குழந்தை நிறுத்தச் சொன்னது அழுகையை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வீட்டில் அச்சைகைக்கு உள்ள மதிப்பு வேறு. அதை விசிலுதான் மெல்லச் சொன்னார்:

"ஏத்து, எறக்கு எல்லாம் நான் மட்டும்தான் காட்டணும் செல்வி. ஸ்டாப் மட்டும் யாரு காட்டுனாலும் வண்டி நிக்கணும். டீ கொண்டாறவன் காட்டுனாகூட. ஏன்னு அப்பால கேட்டுக்கலாம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை. பின் பை தரையில் இறங்கும் ஓசை.

"மலரு, அம்மா எழுதிட்டு வரட்டுமா?"

மலர் சிந்தித்தாள். "பொம்ம வாங்கினு வருவியா?"

செல்வி தேர்வெழுதினார். அது முடிந்தபின்னரே பேருந்து ஏறினார். அவர் வந்து சேர்ந்தபோது விசிலு சுவரைப் பிடித்துக் குளியலறை வரை நடக்கத் தொடங்கியிருந்தார். செல்வி பையை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், அவர் கால்விரலில் கயிறு அறுத்திருந்த தடத்திற்கு எண்ணெய் தடவினார். நான் வீட்டிற்குத் திரும்பிவிட்டேன். சில வாரங்களில் பதவி உறுதியாயிற்று. இப்போது அம்பத்தூர் ஆலையில் ஒரு வரிசை முழுவதும் செல்வியின் சொல்லுக்கு இயங்குகிறது.

நான் விவரித்த சைகைகளில் தவறு இருக்கலாம். கிடங்குக்குக் கிடங்கு அவை மாறும் என்கிறார்கள். முதுகுவலி பற்றி எழுதியதில் மருத்துவர்களுக்கு மாறுபாடு இருக்கலாம். இக்கட்டுரையை விசிலுவிடமே படித்துக் காட்டிச் சரிபார்க்க முயன்றேன். பொறுமையாகக் கேட்டவர், "நான் இன்னா சார் பண்ணேன், சும்மா படுத்துகினுதான இருந்தேன்" என்றார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் எதைத் திருத்துவது? ஆதலின், பிழை கண்ட வாசகர்கள் அருள்கூர்ந்து எனக்கு எழுதுங்கள். அவரிடம் கேட்காதீர்கள், அவர் எல்லாவற்றையும் குறைத்துத்தான் சொல்வார்.