இடது பக்கச் சிரிப்பு

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று மேனேஜர் கேட்டார்.

டெஸ்பாட்ச் கிளார்க் சிரிக்கவில்லை. பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்புகிறோம், முதல் லிஸ்ட் அடுத்த வாரம், பிறகு இன்னும் இரண்டு வரும் என்று சொல்கிற கூட்டத்தில் எந்த மடையன் சிரிப்பான்? நாற்பத்தெட்டு வயது. படிக்கிற பிள்ளைகள் இரண்டு. இந்த வேலையும் போனால் கதி என்ன என்று யோசித்தபடிதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்தப் பாழாய்ப்போன வாய் மட்டும் இடது பக்கமாக ஒதுங்கி, 'எல்லாம் தெரியும்' என்பதுபோல் இளித்துக்கொண்டிருந்தது.

"சிரிக்கலை சார். முகமே இப்படி ஆயிடுச்சு…"

"சரி, சரி. நிர்வாகம் உங்க வலியைத் தன் வலியா நினைக்குது," என்று மேனேஜர் தொடர்ந்தார்.

கிளார்க் பயத்தில் வாயைத் திறந்து மூடினார். காதுக்குப் பக்கத்தில் தாடை மூட்டு 'டக்' என்றது. அந்த அமைதியில் அது கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது. மேனேஜர் தண்ணீர் குடித்தார்.

வீட்டிலும் இதே வம்புதான்.

"சாப்பாடு பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லுங்க. இப்படி நக்கலா பார்க்காதீங்க," என்று மனைவி தட்டை வெடுக்கென்று எடுத்தாள்.

"ஐயோ, நக்கல் இல்லைடி. வாய் தானா கோணிக்குது."

"அப்ப ஆபீஸ்ல கர்சீப்பால மூடிக்கிட்டு உக்காருங்க."

மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த கூட்டத்தில் மேனேஜர் தன் நேர்மையைப் பற்றிச் சொல்லும்போது பார்த்து இருமல் வந்து தொலைத்தது. வாயில் கர்சீப், குலுங்கும் தோள். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? மேனேஜர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

இனி காலில் விழுவதுதான் வழி என்று கிளார்க் அவர் அறைக்கே போனார். "சார், நான் வந்து…" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், தாடை பூட்டிக்கொண்டது. கோணல் வாயோடு, பேச்சு மூச்சில்லாமல், மேனேஜரையே பார்த்தபடி ஒரு முழு நிமிடம் நின்றார்.

"போதும்," என்றார் மேனேஜர். "போய் வேலையைப் பாருங்க."

மறுநாள் கிளார்க்கின் மேஜையைக் கோடவுன் மூலையிலிருந்து தூக்கி, மேனேஜர் அறைக்கு எதிரே, ஏசிக்கு அடியில் போட்டார்கள்.

"என்னைக் கண்காணிக்கறாரு," என்று வீட்டில் புலம்பினார். இரண்டாவது லிஸ்ட் வந்தது. முதல் லிஸ்ட்டைப் போலவே அதிலும் அவர் பெயர் இல்லை. "கடைசியா வச்சு அறுக்கப் போறாரு. எனக்குத் தெரியும்."

மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"எந்தப் பக்கமா மெல்லுவீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"இடது பக்கம். வலது பக்கம் பல் போயிடுச்சு."

"கோபம் வந்தா?"

"பல்லைக் கடிச்சுக்குவேன்."

"யார் மேல கோபம்?"

"மேனேஜர் மேல."

"எத்தனை வருஷமா?"

"பத்தொன்பது."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மூட்டு கெட்டதால முகம் கோணிச்சா, முகம் கோணலா இருந்ததால மூட்டு கெட்டுச்சான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. உங்களுக்குத் தசை இறுகிப்போய்த் தாடையை ஒரு பக்கமா இழுக்குது. சரி பண்ணலாம். தூங்கும்போது பல்லுக்கு பிளேட் போடணும், பயிற்சி செய்யணும், பல்லைக் கடிக்கவே கூடாது."

"கோபம் வந்தா?"

"வெளியே சொல்லிடுங்க."

"வேலை போயிடும் டாக்டர்."

"அப்ப கோபப்படாதீங்க!"

மூன்று மாதம் கண்ணாடி முன்னால் நின்று, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, வாயை நேராகத் திறந்து திறந்து மூடினார். அதைவிடக் கஷ்டமான பயிற்சி, மேனேஜர் என்ன சொன்னாலும் கோபப்படாமல் இருப்பது. பத்தொன்பது வருஷ ரோஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முழுங்கிச் செரித்தார். மனுஷனுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனதும் வாய் நேரானது.

"கல்யாணத்துல பார்த்த அதே முகம்ங்க!" என்று மனைவி கண் கலங்கினாள்.

அந்த முகத்தோடு நேரே மேனேஜர் அறைக்குப் போனார். "சார், பாருங்க. இது தாடை மூட்டு வியாதி சார். இப்பச் சரியாயிடுச்சு. உங்களைப் பார்த்து நான் ஒரு நாளும் சிரிச்சதில்லை."

"வியாதியா?"

"டாக்டர் சீட்டே இருக்கு சார்."

மேனேஜர் சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து வந்து, தோளைத் தட்டி, வாய்விட்டுச் சிரித்தார். கிளார்க்குக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அன்று பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் மூன்றாவது லிஸ்ட் வந்தது. முதல் பெயர் அவருடையது.

அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது, மேனேஜரின் டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிளார்க்கால் அடக்க முடியவில்லை. கோணல் வாய், டாக்டர், பிளேட், சீட்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். "நான் சிரிக்கலைன்னு நிரூபிச்சுக் காட்டிட்டேன்ப்பா. அப்பவும் அந்த ஆளுக்கு மனசு இரங்கலையே!"

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட போங்க சார்! தான் அடிக்கிற கொள்ளையெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதான் சிரிக்கறீங்கன்னு பயந்துபோயி, முதல் ரெண்டு லிஸ்ட்லயும் இருந்த உங்க பேரை இந்த வண்டியில உக்காந்து பேனாவால அடிச்சு எடுத்ததே அவர்தான் சார்!"